ரெடி ஸ்டெடி கோ படிவங்கள்: ஐந்து வருடம் பாவித்த பிறகு

மகனுக்குக் குரோன்ஸ் (குடலில் அழற்சி உண்டாக்கும் நாட்பட்ட நோய்) என்று உறுதியானது 2017இல், 12 வயதில். முதல் சிகிச்சையே எட்டுக் கிழமை சாப்பாட்டுக்குப் பதில் ஊட்டச்சத்துப் பால்மாக் கரைசல் மட்டும். சோறு, கறி, பிஸ்கட் ஒன்றுமில்லை. அந்த எட்டுக் கிழமையும் நான் வீட்டில் மீன் பொரிக்கவில்லை. பிறகு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள்: அசதயோபிரின் மாத்திரை, எட்டுக் கிழமைக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றும் இன்ஃப்ளிக்சிமாப்.

அடுத்த வருடம், லண்டனில் நாங்கள் போகும் சிறுவர் பிரிவில் ஒரு நேர்ஸ் இந்தப் படிவத்தை நீட்டினார். சவுதாம்ப்டனில் உருவாக்கியது. நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளைப் பெரியவர்களின் வைத்தியத்துக்குத் தயார்படுத்த மூன்று படிவங்கள்: ரெடி, ஸ்டெடி, கோ. பெரியவர்கள் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்ததும் நாலாவதாக ஹலோ. உன் நோயை விளக்கத் தெரியுமா, மருந்துகளைத் தெரியுமா, வைத்தியரோடு தனியாகக் கதைப்பாயா என்ற மாதிரிக் கேள்விகள். ‘ஓம்’ அல்லது ‘உதவி வேண்டும்’ என்று அடையாளம் போட வேண்டும். பெற்றோருக்கும் தனிப் படிவம் உண்டு.

முதல் தடவை மகனார் இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ போட்டுக் கொடுத்தார். நேர்ஸ் படிவத்தைப் பார்த்துவிட்டு, “அசதயோபிரின் எத்தனை மில்லிகிராம் போடுகிறாய்?” என்று கேட்டார். பெடியன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்க, நேர்ஸ் கையைக் காட்டி நிறுத்தினார். படிவத்தின் முழுப் பயனும் அந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது. அந்த நேர்ஸ் மாறிப்போன பிறகு ஒரு வருடம் படிவம் கோப்புக்குள் சும்மா கிடந்தது. யாரும் கேட்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

எங்களுக்கு உண்மையில் உதவியது, மகன் தானே தொலைபேசி எடுத்துக் கதைக்கப் பழகியது. 15 வயதுப் பிள்ளை, நாள் முழுக்க போனில் விரல் ஓட்டும். ஆனால் நேர்ஸுக்கு எடுத்து “ரத்தம் போகுது” என்று சொல்ல வாய் வராது. மேல்மாடியிலிருந்து எனக்கு எடுக்கச் சொன்னேன். குசினியில் நின்று நான் நேர்ஸாக, “எத்தனை தரம் போனது? இரவில் எழும்பினீரா?” என்று கேட்பேன். “அம்மா, நேர்ஸ் இப்பிடி அதட்ட மாட்டா” என்பான். இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது: மலம், ஆசனவாய் என்ற தமிழ்ச் சொற்கள் அவனிடம் இல்லை, அவன் வைத்தியரிடம் சொல்லும் இங்கிலீஷ் சொற்கள் என்னிடம் இல்லை. மூன்று வருடமாக இரண்டு பேரும் “வயிறு சரியில்லை” என்ற ஒரே சொல்லில் சமாளித்திருக்கிறோம். 16 வயதோடு வைத்தியர் என்னை வெளியே இருக்கச் சொன்னபோது கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் உள்ளே அவன் இருபது நிமிடம் கதைத்தான்.

குறைகளும் உண்டு. அந்தப் பக்கம் எப்படியிருக்கும் என்று எங்களுக்கு இந்தப் படிவம் போதிய அளவு காட்டித் தரவில்லை. சிறுவர் பிரிவில் கொலனோஸ்கோபி (குழாய்க் கமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) முழு மயக்கத்தில் நடந்தது. பெரியவர்கள் பிரிவில் ஊசி போட்டு அரை மயக்கத்தில். இடையில் கண் முழித்துத் திரையைப் பார்த்தானாம். 2023இல் மாறியபோது இரண்டு மருத்துவமனைகளுக்கும் நடுவே கடிதம் தொலைந்து, ஒரு ஏற்றல் மூன்று கிழமை பிந்தியது. இன்ஃப்ளிக்சிமாப் இடைவெளி விட்டால் உடம்பு அதை வேலை செய்யவிடாத எதிர்ப்பொருள் உண்டாக்கக்கூடும் என்பதால் அந்த மூன்று கிழமையும் எனக்கு நித்திரையில்லை. மாறுவதற்கு முன்பே பெரியவர்கள் பிரிவு ஆளைச் சந்திக்க வைக்கவேண்டும் என்று இங்கிலாந்தில் வைத்திய வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016இலேயே சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அது கடைசி மாதத்தில், ஒரே ஒரு தடவை.

காசு விஷயமும் யாரும் சொல்லவில்லை. முழுநேரம் படித்தால் 19ஆவது பிறந்தநாள் வரை மருந்துச்சீட்டு இலவசம். பிறகு இங்கிலாந்தில் ஒவ்வொரு மருந்துக்கும் கட்டணம், 2025இல் அது 9.90 பவுண்ட், குரோன்ஸ் விலக்குப் பட்டியலில் இல்லை. ஒருமுறை கட்டி வருடம் முழுக்க எல்லா மருந்தும் எடுக்கும் முன்கட்டணச் சான்று அந்த வருடம் 114.50 பவுண்ட். எங்களுக்கு இதைச் சொன்னது மருந்துக்கடைப் பெட்டை.

ஐந்தில் மூன்றரை கொடுப்பேன். இந்தப் படிவங்களை எடுக்கிறவர்கள் பிள்ளையின் படிவத்தை நிரப்ப முதல் பெற்றோர் படிவத்தை நிரப்புங்கள். கடைசிச் சிறுவர் பிரிவுக் கடிதத்தின் பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள், தபாலை நம்ப வேண்டாம். ஹலோ படிவத்தை மகனார் தானே நிரப்பினார். நான் பார்க்கவில்லை, கேட்டேன், காட்டவில்லை.