முன்னறிவிப்பு எப்போது போக வேண்டும்: கலிபோர்னியா, புளோரிடா, டெக்சாஸ் லியன் சட்டங்களின் ஒப்பீடு

கட்டுமானத் தொழிலில் பொருள் கொடுத்தவருக்கும் கட்டடத்தின் உரிமையாளருக்கும் இடையே பெரும்பாலும் நேரடி ஒப்பந்தம் இருப்பதில்லை. டைல்ஸ் வழங்குபவர் தளம் பதிக்கும் துணை ஒப்பந்ததாரரிடம் விற்கிறார். அவர் முதன்மை ஒப்பந்ததாரரிடம் வேலை எடுத்திருக்கிறார். பணம் புறப்படுவதோ உரிமையாளரிடமிருந்து. நடுவில் ஒருவர் நொடித்துப்போனால், சுவரோடு ஒன்றிவிட்ட சரக்கைப் பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாது. இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930 விற்பனையாளருக்குத் தரும் பற்றுரிமைகூட, அதாவது பணம் வரும் வரை சரக்கைப் பிடித்துவைக்கும் உரிமைகூட, சரக்கு முறைப்படி வாங்கியவர் கைக்குப் போனதும் முடிந்துவிடுகிறது. அமெரிக்க மாநிலங்கள் இந்த இடத்தில்தான் வேறு வழியில் சென்றன: உழைப்பும் பொருளும் எந்த நிலத்தின் மதிப்பை உயர்த்தினவோ அந்த நிலத்தின் மீதே லியன், அதாவது பற்றுரிமை, தந்தன. ஆனால் முகம் தெரியாத ஒருவர் தன் சொத்தின் மீது உரிமை கோரக்கூடும் என்பது உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காக ஏற்பட்டதே முன்னறிவிப்பு. அது எப்போது போக வேண்டும், தாமதமானால் எவ்வளவு இழப்பு என்பதில் கலிபோர்னியா, புளோரிடா, டெக்சாஸ் ஆகிய மூன்றும் மூன்று திசையில் நிற்கின்றன.

ஒரே கணக்கை மூன்று மாநிலங்களிலும் போட்டுப் பார்ப்போம். ஒரு வணிகக் கட்டடத்துக்கு டைல்ஸ் வழங்குபவர் மார்ச் 3, ஏப்ரல் 10, மே 20 ஆகிய மூன்று நாட்களில் லோடு இறக்குகிறார் என்றும், ஒன்றுக்கும் பணம் வரவில்லை என்றும், அவர் அனுப்பிய ஒரே அறிவிப்பு மே 5 அன்று போனது என்றும் வைத்துக்கொள்வோம்.

கலிபோர்னியாவின் குடிமைச் சட்டப்படி, முதல் லோடு இறங்கிய 20 நாட்களுக்குள், அதாவது மார்ச் 23க்குள், உரிமையாளருக்கும் முதன்மை ஒப்பந்ததாரருக்கும் கட்டுமானக் கடன் கொடுத்த வங்கிக்கும் அறிவிப்பு போயிருக்க வேண்டும். தவறினால் எல்லாம் போய்விடுவதில்லை. அறிவிப்பு தந்த நாளுக்கு 20 நாட்கள் முன்பிலிருந்து செய்த வேலைக்கும் கொடுத்த பொருளுக்கும் உரிமை உயிரோடு இருக்கும். மே 5க்கு 20 நாள் முன்பு என்றால் ஏப்ரல் 15. ஆகவே முதல் இரண்டு லோடுகளுக்கான லியன் உரிமை போய், மே மாத லோடுக்கு மட்டும் மிஞ்சுகிறது. தொகையைத் தோராயமாக மதிப்பிட்டு எழுதினால் போதும். ஒரே அறிவிப்பு அந்தத் திட்டத்தில் அந்த வழங்குநர் பின்னர் கொடுப்பவற்றையும் பொதுவாகத் தாங்கும். உரிமையாளரோடு நேரடியாக ஒப்பந்தம் செய்தவர் கடன் கொடுத்தவருக்கு மட்டும் அனுப்பினால் போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 400 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் உள்ள, உரிமம் பெற்ற துணை ஒப்பந்ததாரர் இந்த அறிவிப்பைத் தராமல் விடுவது ஒழுங்கு நடவடிக்கைக்கே காரணமாகலாம். அறிவிப்பை ஒருவரின் விருப்பம் என்று விடாமல் தொழிலின் கடமையாகவே அந்த மாநிலம் பார்க்கிறது.

புளோரிடாவில் கெடு 45 நாட்கள். மார்ச் 3இலிருந்து கணக்கிட்டால் ஏப்ரல் 17. கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும் இந்தக் கெடுவின் மறுபக்கம் கடுமையானது. உரிய காலத்தில் அறிவிப்பு தரப்படவில்லை என்பது லியனுக்கு எதிரான முழுமையான எதிர்வாதம் என்று அம்மாநிலச் சட்டத்தின் 713ஆம் அத்தியாயம் கூறுகிறது. மே 5 அன்று அனுப்பியவர், அதே ஒப்பந்தத்தின் கீழ் மே 20இல் இறக்கப்போகும் லோடுக்கான லியன் உரிமையையும் சேர்த்தே இழந்துவிடுகிறார். 45 நாள் முடிவதற்குள் உரிமையாளர் முறைப்படி இறுதித் தொகையைக் கொடுத்துவிட்டால் அதற்குப் பின் அனுப்புவதிலும் பயனில்லை. அஞ்சலில் அனுப்புபவர் 40 நாட்களுக்குள் சர்டிஃபைட் மெயிலில் போட்டுவிட்டால், போட்ட நாளே தந்த நாளாகக் கொள்ளப்படும். அனுபவமுள்ளவர்கள் 45ஐ மறந்து 40ஐயே கெடுவாக வைத்துக்கொள்வது இதனால்தான். புளோரிடாவுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. வேலை தொடங்கும் முன் உரிமையாளர் தொடக்க அறிவிப்பு ஒன்றைக் கவுண்டிப் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) பதிவேட்டில் பதிந்து, அதன் நகலை வேலையிடத்திலும் ஒட்ட வேண்டும். யார் உரிமையாளர், யார் கடன் கொடுத்தவர், அறிவிப்பை யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். தொலைவிலிருந்து சரக்கு அனுப்பும் வழங்குநருக்கு முகவரி தேடும் வேலை இதனால் வெகுவாகக் குறைகிறது.

டெக்சாஸின் அணுகுமுறையே வேறு. அங்கே முதல் லோடு இறங்கியதும் அனுப்ப வேண்டியது எதுவும் இல்லை. பணம் வராத ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனிக் கெடு உண்டு. 2022 ஜனவரி 1 முதல் செய்யப்பட்ட மூல ஒப்பந்தங்களில் (உரிமையாளர் முதன்மை ஒப்பந்ததாரரோடு செய்துகொள்பவை), குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு, பொருள் கொடுத்த மாதத்துக்குப் பின்வரும் மூன்றாம் மாதத்தின் 15ஆம் தேதி அந்தக் கெடு; குடியிருப்புகளுக்கு இரண்டாம் மாதத்தின் 15. மார்ச் லோடுக்கு ஜூன் 15 வரையும், ஏப்ரல் லோடுக்கு ஜூலை 15 வரையும் காலம் இருப்பதால், மற்ற இரு மாநிலங்களிலும் தாமதமான மே 5 இங்கே சரியான நேரம். மே லோடுக்கு மட்டும் ஆகஸ்ட் 15க்குள் இன்னொன்று போக வேண்டும். கெடு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள் வரை நீளும்.

கெடுவை மட்டும் பார்த்து டெக்சாஸே வழங்குநருக்கு நல்லது என்று முடிவு கட்டுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. அங்கே அறிவிப்பின் வேலை, உரிமையாளர் கையில் அப்போது மீதமிருக்கும் பணத்தை நிறுத்திவைக்கச் செய்வது. அறிவிப்பு வருவதற்கு முன்பே முதன்மை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்து முடித்த தொகைக்கு உரிமையாளர் பொறுப்பாக மாட்டார். வேலை முடிந்து 30 நாள் வரை அவர் ஒதுக்கி வைத்திருக்க வேண்டிய 10 விழுக்காடு மட்டுமே விதிவிலக்கு. ஜூன் 15 வரை காத்திருப்பதற்குச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், அதுவரை பணம் உரிமையாளரிடம் காத்திருக்கப் போவதில்லை.

இதைவிட முக்கியமான வேறுபாடு அந்தத் தாள் சொல்லும் செய்தியில் இருக்கிறது. கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் நிலுவை எதுவும் ஏற்படாத நாளிலேயே எல்லாரும் அனுப்புவதால், அது இன்னார் இன்ன பொருள் தருகிறார் என்ற தகவலாகவே வாசிக்கப்படுகிறது. டெக்சாஸ் அறிவிப்பில் இவ்வளவு தொகை வரவில்லை என்று எழுதியே ஆக வேண்டும். உரிமையாளரும் முதன்மை ஒப்பந்ததாரரும் அதை ஒரு புகாராகவே எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வேலைக்கும் அதே ஒப்பந்ததாரரை நம்பியிருக்கும் சிறிய வழங்குநர் இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று தள்ளிப்போடுவது இயல்பு; அந்தத் தயக்கத்துக்குள் கெடு நழுவிவிடுகிறது. சிறியவர்களின் பணத்தைக் காக்க வந்த சட்டம், அவர்களை உறவுக்கும் உரிமைக்கும் நடுவில் நிறுத்தக் கூடாது.

உரிமையாளரின் பக்கம் நின்று பார்த்தால் வரிசை மாறும். கலிபோர்னியாவில், ஒப்பந்ததாரருக்கு முழுப் பணமும் கொடுத்த பிறகும் சொத்தின் மீது லியன் வரலாம் என்று அறிவிப்பிலேயே எச்சரிக்கை அச்சாகிறது. இரண்டாம் முறை பணம் கொடுக்கும் ஆபத்து உண்மையானது. புளோரிடாவில் சட்டம் சொன்ன முறைப்படி பணம் கொடுத்து வந்த உரிமையாளரின் பொறுப்பு ஒப்பந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். அந்தப் பாதுகாப்பை நான் மதிக்கிறேன்; ஆனால் அதற்காக ஒரு நாள் தாமதத்துக்கு முழு உரிமையையும் பறிக்க வேண்டியதில்லை. தாமதத்தின் அளவுக்கே இழப்பு என்ற கலிபோர்னியாவின் விதி மூன்றிலும் நியாயமானது.

அரசுக் கட்டடங்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. கூட்டாட்சி அரசின் நிலத்தின் மீது லியன் கிடையாது. 1935ஆம் ஆண்டின் மில்லர் சட்டப்படி பொருளும் உழைப்பும் தந்தவர்களுக்குப் பணம் போய்ச் சேரும் என்பதற்கு முதன்மை ஒப்பந்ததாரர் தரும் உத்தரவாதப் பத்திரத்தின் மீதுதான் கோர வேண்டும். துணை ஒப்பந்ததாரருக்குப் பொருள் கொடுத்தவர், கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முதன்மை ஒப்பந்ததாரருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

மூன்று மாநிலங்களிலும் சரக்கு அனுப்பும் வழங்குநர், முதல் லோடின் பில் போடும்போதே அந்தந்த மாநிலத்துக்குரிய வாசகத்தில் முன்னறிவிப்பையும் 20 நாட்களுக்குள் அனுப்பிவிட்டால் கலிபோர்னியாவும் புளோரிடாவும் அடங்கிவிடும். டெக்சாஸுக்கு அந்த வழி உதவாது. வராத தொகையைக் குறிப்பிடாமல் முன்கூட்டியே எழுதும் கடிதம் அங்கே சட்டப்படியான அறிவிப்பு ஆகாது என்பதால், மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியலை எடுத்து, பணம் வராத மாதத்துக்கு உடனே அனுப்புவதைத் தவிர அங்கே வேறு வழியில்லை.