நெமாவாஷியா, ரிங்கியா, மேலிட உத்தரவா?

ஜப்பானிய நிறுவனங்களில் முடிவெடுக்க மூன்று வழிகள் உண்டு. கூட்டத்துக்கு முன்பே சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியாகச் சந்தித்துச் சம்மதம் திரட்டுவது நெமாவாஷி. முன்மொழிவை எழுதி, மேசை மேசையாகச் சுற்றவிட்டு ஒப்புதல் முத்திரை வாங்குவது ரிங்கி. தலைமையே தீர்மானித்து அறிவிப்பது மூன்றாவது. இவற்றை எடைபோட நான் கேட்பது ஒன்றுதான்: மறுப்பு எந்தக் கட்டத்தில் வெளிவருகிறது?

நெமாவாஷியில் அது முதலிலேயே வந்துவிடுகிறது. டொயோட்டாவில் பிரச்சினை, காரணம், தீர்வு எல்லாவற்றையும் ஒரே ஏ3 தாளில் அடக்கிவிடுவார்கள். அந்தத் தாளோடு பொறியாளர் உற்பத்திப் பிரிவுக்குப் போகிறார் என்று வையுங்கள். "இயந்திரத்தை இங்கே வைத்தால் பழுதுபார்க்க ஆள் நுழைய முடியாதே" என்கிறார் அங்கிருப்பவர். தாள் திருத்தப்படுகிறது. அடுத்து கொள்முதல் பிரிவு, மறுபடியும் திருத்தம். பத்துப் பேர் முன்னிலையில் மேலதிகாரியை மறுக்கத் தயங்குகிறவர்கூடத் தனியாகக் கேட்டால் மனம் திறப்பார். இதற்காகவே இந்த முறை மீது எனக்குப் பெருமதிப்பு. கூட்டத்தில் எல்லோரும் தலையசைப்பதை வெறும் சடங்கு என்பவர்கள், அதற்கு முன் நடந்த வாதங்களைப் பார்க்காதவர்கள்.

குறையும் உண்டு. யாரைச் சந்திப்பது என்பதைத் திட்டத்தைக் கொண்டுவருகிறவரே தேர்ந்தெடுக்கிறார். விடுபட்டவரின் குரல் கடைசிவரை கேட்காமலே போகலாம். பேசியதற்கு எழுத்துச் சான்றும் இராது.

அந்தச் சான்றை ரிங்கி தருகிறது. ஆனால் ரிங்கிஷோ எனும் அந்த முன்மொழிவுத் தாள் காச்சோ (பிரிவுத் தலைவர்), புச்சோ (துறைத் தலைவர்) என்று படிப்படியாக மேலேறும்போது, ஐந்து முத்திரை விழுந்த தாளில் ஆறாவது ஆள் 'வேண்டாம்' என்பது எளிதல்ல. திட்டம் தோற்றால் பொறுப்பு எல்லோருக்கும் பங்காகி, யார் தலையிலும் விழாமல் போகிறது. கொரோனா காலத்தில் முத்திரை வைப்பதற்கென்றே அலுவலகம் போனவர்கள் பலர். 2020இல் அமைச்சர் தாரோ கோனோ பெரும்பாலான அரசு நடைமுறைகளில் முத்திரையைக் கைவிடச் செய்ததை வரவேற்கிறேன்.

மேலிட உத்தரவின் பலம் வேகம். 1999இல் நிசான் கார் நிறுவனத்தைக் காப்பாற்ற அதன் உயரதிகாரி கார்லோஸ் கோன் அறிவித்த திட்டம் 5 ஆலைகளை மூடி, 21,000 வேலைகளைக் குறைப்பது. அதற்கு ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டிருந்தால் காரியம் நடந்திருக்காது. அப்போதும் பல துறை ஊழியர்களின் குழுக்களைக் கொண்டே திட்டத்தை அவர் வகுத்தார். அந்தக் கேட்கும் காது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மின்னணு நிறுவனமான தோஷிபா சாட்சி. மேலிடம் விதித்த எட்டாத லாப இலக்குகளை மறுக்க முடியாத ஊழியர்கள் கணக்கில் லாபத்தை ஊதிக் காட்டியது 2015இல் அம்பலமானது.

என் தேர்வு: அன்றாடப் பணிமுறையை மாற்றும் எந்த முடிவுக்கும் முதலில் நெமாவாஷி, பதிவுக்காகப் பின்னர் ரிங்கி. நிறுவனமே மூழ்கும் தறுவாயில் மட்டும் மேலிட உத்தரவு.