பைத்தான் டியூட்டர்: அம்புக்குறியில் கில்லாடி, நேரக் கணக்கில் கோட்டை விடும்

லிஸ்ட், டிக்‌ஷனரி, செட் மூன்றையும் பைத்தான் நிரல்மொழியில் எழுதத் தெரியும், ஆனால் ஒரு லிஸ்டை மாற்றினால் இன்னொன்றும் ஏன் மாறுகிறது என்று குழம்புகிறீர்களா? அப்படியென்றால் இது உங்களுக்கான தளம். 2010இல் ஃபிலிப் குவோ தொடங்கியது. இலவசம். நிரலை ஒட்டிவிட்டு நெக்ஸ்ட் பட்டனை அழுத்தினால் வரிவரியாக ஓடும், பின்னோக்கியும் போகலாம். இடப்பக்கம் மாறிகள், வலப்பக்கம் ஆப்ஜெக்ட்கள், எந்த மாறி எதைச் சுட்டுகிறது என்று காட்ட நடுவே அம்புகள்.

இதை ஓட்டிப் பாருங்கள்:

கட்டம் = [[0] * 3] * 3
கட்டம்[0][0] = 5

ஒரு மூலையில் மட்டும் 5 வரும் என்றுதானே நினைப்போம்? மூன்று வரிசையிலும் வரும். காரணம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்: வெளி லிஸ்டிலிருந்து கிளம்பும் மூன்று அம்புகளும் ஒரே பெட்டியில் போய் முட்டும். லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனில், அதாவது [[0] * 3 for _ in range(3)] என்று எழுதினால் மூன்று தனிப்பெட்டிகள். அடுத்து, நகல் = கட்டம்[:] என்று சேர்த்துப் பாருங்கள். வெளிப்பெட்டி புதிது, உள்ளே பழைய அம்புகளேதான். டீப்காப்பி (உள்ளே இருப்பதையும் சேர்த்து நகலெடுப்பது) எதற்கு என்று இதற்கு மேல் விளக்கவே வேண்டாம். லிங்க்டு லிஸ்டில் (ஒவ்வொரு நோடும், அதாவது உறுப்பும், அடுத்ததைச் சுட்டும் தொடர்) ஒரு நோடை நீக்கும்போது அம்பு இடம் மாறுவதும் இதே தெளிவோடு தெரியும்.

ஆனால் வேகத்தைப் பற்றி இது எதுவும் சொல்லாது, தப்பாகவும் நினைக்க வைக்கும். லிஸ்டின் கடைசியில் அப்பெண்ட் செய்தாலும், முதலிடத்தில் இன்செர்ட் செய்தாலும் ஒரே ஸ்டெப்தான். இரண்டாவதில் எல்லா உறுப்புகளும் ஓரிடம் தள்ளிப்போகின்றன என்பது படத்தில் இல்லை. ஒரு மதிப்பு இருக்கிறதா என்று லிஸ்டில் தேடுவதும் செட்டில் தேடுவதும் அப்படித்தான். டிக்‌ஷனரிக்குள் இருக்கும் ஹேஷ் டேபிளும் (கீயை வைத்து இடத்தைச் சட்டென்று கண்டுபிடிக்கும் அமைப்பு) கண்ணில் படாது. இரண்டு பத்தி அட்டவணை மட்டும். வேகத்துக்கு உங்கள் கணினியிலேயே ஒரு லட்சம் உறுப்புகள் வைத்து பைத்தானின் நேரம் அளக்கும் கருவியான டைம்இட்டில் அளந்து பாருங்கள்.

1000 ஸ்டெப்போடு நின்றுவிடும். 40 எண்களை பபிள் சார்ட் முறையில் வரிசைப்படுத்தினால் பாதியில் அறுந்துபோகும். 8 எண்கள் தாராளம். நம்பை, பாண்டாஸ் போன்ற வெளி லைப்ரரிகள் ஓடாது. கணினியில் உள்ள ஃபைலையும் படிக்காது. ஃபோனில் அம்புகள் நெருக்கியடிக்கும் என்பதால் லேப்டாப் நல்லது. நிரல் அவர்கள் சர்வரில்தான் ஓடுகிறது, ஆகவே ஆபீஸ் நிரலையோ பாஸ்வேர்டையோ இதில் ஒட்டாதீர்கள்.