பழைய பி450 போர்டில் புது உயிர்: பட்ஜெட் கம்ப்யூட்டரை கேமுக்காகப் படிப்படியாக மாற்றிய அனுபவம்

ரைசன் 3 2200ஜி பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். 2018 கடைசியில் திருச்சியில் வீட்டுக்காக அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர் இது. தனியாக கிராபிக்ஸ் கார்டு கிடையாது, பிராசசருக்குள்ளேயே இருந்த வேகா 8 மட்டும்தான். இன்று அதே மதர்போர்டில் ரைசன் 5 5600 பிராசசரும் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு பாகம் வாங்கி, அதைச் சில மாதங்கள் நன்றாகப் பழகிப் பார்த்து, பிறகு அடுத்தது என்று வருஷக் கணக்கில் செய்த வேலை. அதனால் எந்தப் பாகம் எவ்வளவு மாற்றம் கொடுத்தது என்று தனித்தனியாகச் சொல்ல முடியும். குறைந்த பட்ஜெட்டில் இறங்குகிறவர்கள் வாங்கும் வரிசையைச் சரியாகப் பிடித்தாலே பாதிப் பணம் மிச்சமாகும் என்பது என் அனுபவம்.

முதலில் ராம். 2018ல் ராம் விலை உச்சத்தில் இருந்ததால் கடையில் எல்லோருக்கும் 8 ஜிபி ஒற்றை ஸ்டிக்தான் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கும் அதே, 2400 வேகத்தில். வேகா 8 போன்ற உள்ளமைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, கம்ப்யூட்டரின் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒற்றை ஸ்டிக்கில் அதற்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 19 ஜிபிதான். 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக, 3200 ராம் வாங்கிப் போட்டேன். 2200ஜி அதை 2933 வேகத்தில் ஓட்டியது. டூயல் சேனலும் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்வது) சேர்ந்ததால் நொடிக்கு ஏறக்குறைய 47 ஜிபி. 1080பி நார்மல் செட்டிங்ஸில் 40 எஃப்பிஎஸ்ஸைச் (நொடிக்கு வரும் ஃபிரேம்கள்) சுற்றித் தள்ளாடிக்கொண்டிருந்த ஜிடிஏ 5, அதற்குப் பிறகு 60ஐ நெருங்கியது. கிராபிக்ஸ் கார்டு வாங்காமலேயே இவ்வளவு. பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் 3200 என்று அச்சிட்ட ராம்கூட 2400க்கோ அதற்குக் கீழோ படுத்துக் கிடக்கும். கடையில் பெரும்பாலும் இதைச் செய்து தரமாட்டார்கள். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி வேகத்தை இன்றே பார்த்துவிடுங்கள், செலவே இல்லாத அப்கிரேடு இது.

எஸ்எஸ்டி பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு (போர்டிலேயே பொருத்தும் வேகமான சேமிப்பு) மாறினால் எஃப்பிஎஸ் ஏறாது. ஆனால் ஆட்டம் திறக்கும் நேரமும், ஓடும்போது தூரத்துக் கட்டிடங்கள் மங்கலாகத் தெரிந்து பிறகு தெளியும் தொல்லையும் குறையும். 150 ஜிபி இடம் கேட்கும் ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2 போன்ற ஆட்டங்கள் இருப்பதால் 1 டிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். லோடிங் தாமதம் எல்லாவற்றுக்கும் டிஸ்க் காரணமில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். ஜிடிஏ ஆன்லைன் திறக்க நிமிஷக் கணக்கில் ஆனதற்கு நிரலில் இருந்த குறைதான் காரணம் என்று 2021ல் ஒரு விளையாட்டாளரே கண்டுபிடித்துச் சொன்னார், நிறுவனமும் அதை ஏற்று அப்டேட் கொடுத்தது.

அடுத்து நான் வாங்கியது எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி. கிராபிக்ஸ் கார்டுக்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸா என்று வீட்டில் கேட்டார்கள். என் நிலைப்பாடு இதில் கொஞ்சமும் மாறவில்லை. பட்ஜெட் கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கும் 450 வாட் பெட்டியின் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசைக்கு நேராக எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அந்த ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் அந்தப் பெட்டி உண்மையில் எவ்வளவு தரும் என்பது தெரிந்துவிடும். பல பெட்டிகளில் கார்டுக்கான 8 பின் கனெக்டரே இருக்காது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் வயரிலிருந்து கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறேன் என்று சில இடங்களில் சொல்வார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். நான் வழக்கமாகப் போகும் சர்வீஸ் கடைத் தம்பியும் அதையேதான் சொன்னார்: “அண்ணே, கார்டு போனா வாரண்டில வந்துரும். எஸ்எம்பிஎஸ் வெடிச்சா போர்டையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்.” 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) தரச் சான்று உள்ள 550 வாட் வாங்கினேன். என் மெஷினில் ஓடும் பாகங்களில் கரண்ட் ஏறி இறங்குவதை நேராகத் தாங்குவது அதுதான், இன்றுவரை சத்தமே இல்லை.

இதோடு ஒட்டிய விஷயம் யுபிஎஸ். நம் ஊரில் சாதாரணமாக வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். ஆர்எக்ஸ் 6600 மட்டும் 132 வாட், பிராசசர் முழு வேகத்தில் 76 வாட், மற்ற பாகங்கள், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் 280 வாட்டை ஒட்டிவிடும். காகிதத்தில் கணக்கு சரியாக வந்தாலும், ஆட்டம் மும்முரமாக ஓடும் நேரத்தில் கரண்ட் கட் ஆனால் பேட்டரிக்கு மாறும் அந்த நொடியில் யுபிஎஸ் கையை விரித்துவிடும். போதாததற்கு, புதிய எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற அமைப்பு இருக்கிறது. விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது கொடுக்கும் படிக்கட்டு வடிவ மின்சாரத்தோடு அது சில சமயம் ஒத்துப்போகாது. 1000 விஏ யுபிஎஸ்ஸுக்கு மாறிய பிறகு எனக்கு அந்தக் கவலை இல்லை. கேம் கம்ப்யூட்டருக்கு பட்ஜெட் போடும்போது பலரும் யுபிஎஸ்ஸை எழுத மாட்டார்கள். தமிழ்நாட்டில் கோடை இடிமழைக் காலத்தில் விளையாடுகிறவர்கள் கட்டாயம் எழுத வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டுக்காக நிறையக் காத்திருந்தேன். 2021ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ பணத்தை கிராபிக்ஸ் கார்டுகளால் உருவாக்கும் மைனிங்கும் சிப் பற்றாக்குறையும் சேர்ந்து விலையை எங்கோ கொண்டுபோய் வைத்திருந்தன. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்ட பிறகு விலை இறங்கியது, மைனிங்கில் இரவும் பகலும் ஓடிய பழைய கார்டுகளும் சந்தைக்கு வந்து குவிந்தன. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அப்படிப்பட்ட கார்டுகளை மலிவாகக் காட்டினார்கள். நான் ஜிஎஸ்டி பில்லோடு புதுக் கார்டே வாங்கினேன், 20,000 ரூபாயைக் கொஞ்சம் தாண்டியது. வாரண்டியில் போய் நிற்கும்போது அந்த பில்தான் பேசும். ஆர்எக்ஸ் 6600 கார்டைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது: 8 ஜிபி மெமரி, ஒற்றை 8 பின் கனெக்டர், குறைந்த மின்சாரம். அது எட்டு பிசிஐஇ லேன் (போர்டோடு தரவு போய் வரும் பாதை) மட்டுமே பயன்படுத்தும், 2200ஜியும் கார்டுக்கு எட்டு லேன்தான் தரும், அதனால் ஜோடி பொருந்தியது. பி450 போர்டு பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0 என்பதால் சில ஆட்டங்களில் சிறு இழப்பு உண்டு, விளையாடும்போது எனக்குத் தெரியவில்லை.

கார்டு போட்டதும் சைபர்பங்க் 2077 போன்ற கனமான ஆட்டங்கள் 1080பியில் மீடியமும் ஹையும் கலந்த செட்டிங்ஸில் ஓட ஆரம்பித்தன. எண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கார் ஓட்டிக்கொண்டு சந்தை நெரிசலுக்குள் நுழைந்தால் ஆட்டம் திக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2ல் புகை குண்டு விழுந்து நாலு பேர் ஒரே நேரத்தில் சுடும்போது, எது முக்கியமோ அந்த நொடியில், படம் நின்று போகும். அளந்து பார்த்தேன். பிராசசரின் நாலு கோரும் (கணக்குப் போடும் அலகுகள்) 100 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, கார்டு பாதி வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தது. சராசரி எஃப்பிஎஸ் இதைச் சொல்லவே சொல்லாது. 60 எஃப்பிஎஸ் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லி செகண்டில் வர வேண்டும். ஒரே ஒரு ஃபிரேம் 80 மில்லி செகண்ட் எடுத்தாலும் சராசரி அசையாது, கண்ணுக்கும் கைக்கும் மட்டும் அது தெரியும். அதனால்தான் “1 சதவீத லோ” என்ற எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். வந்ததிலேயே மெதுவான ஃபிரேம்கள் எந்த வேகத்தில் வந்தன என்பதைக் காட்டும் எண் அது. கார்டு, பிராசசர் எதை வாங்கினாலும் விமர்சனங்களில் முதலில் அதைத் தேடுங்கள்.

இங்கேதான் பி450 போர்டு வாங்கியதன் அருமை தெரிந்தது. 2020 மே மாதத்தில், வரப்போகும் புதுத் தலைமுறை பிராசசர்கள் பி450 உள்ளிட்ட 400 வரிசை போர்டுகளில் வேலை செய்யாது என்று ஏஎம்டி அறிவித்தது. பயனர்கள் கடுமையாக எதிர்க்க, அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. அந்த எதிர்ப்பு மட்டும் எழாமல் இருந்திருந்தால் என் போர்டு, ராம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். 2022ல் வந்த ரைசன் 5 5600ஐ, 2018ல் வாங்கிய போர்டில் இப்படித்தான் பொருத்த முடிந்தது. விலை 11,000 ரூபாயை ஒட்டி.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது பயாஸ். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணிவிட்டு, பிறகுதான் புதியதைப் பொருத்த வேண்டும். முதலில் பிராசசரை மாற்றிவிட்டால் பல போர்டுகளில் திரையே வராது. உங்கள் போர்டின் சப்போர்ட் பக்கத்தில் எந்தப் பதிப்பிலிருந்து 5000 வரிசை ஓடும் என்று போட்டிருப்பார்கள். சில போர்டுகளில் நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது, நடுவில் ஒன்றை ஏற்ற வேண்டியிருக்கும். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போகக் கூடாது, மேலே யுபிஎஸ்ஸைப் பற்றி அவ்வளவு எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். அப்டேட் முடிந்ததும் எக்ஸ்எம்பி பழைய நிலைக்குப் போய்விடும், மறுபடி ஆன் பண்ணுங்கள். கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் எட்ட உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதியையும் அங்கேயே ஆன் பண்ணலாம்.

2200ஜியில் நாலு கோர், நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 4 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி). 5600ல் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 32 எம்பி கேஷ். கார்டு அதேதான், செட்டிங்ஸ் அதேதான், ஆட்டம் ஓடும் விதம் மட்டும் வேறு. லீவுக்கு வந்திருந்த அண்ணன் மகன் கவுன்டர் ஸ்ட்ரைக் ஒரு மேட்ச் ஆடிவிட்டு, “சித்தப்பா, இப்ப திக்கவே இல்ல” என்றான். நான் எதை மாற்றினேன் என்று அவனுக்குத் தெரியாது. எந்த அளவீட்டையும்விட எனக்குப் பிடித்த விமர்சனம் அது. கார்டு கொடுத்த சந்தோஷத்தைவிட பிராசசர் கொடுத்த சந்தோஷம் பெரிது என்று தயங்காமல் சொல்வேன்.

வெயில் தனிக் கதை. திருச்சியில் மே மாதம் 40 டிகிரி அடிக்கும்போது ஏசி இல்லாத அறையில் 5600, கூடவே வரும் சின்ன ஃபேனோடு 80 டிகிரியைத் தாண்டும். 90 வரை அதற்கு அனுமதி உண்டு என்றாலும் ஃபேன் போடும் இரைச்சல் தாங்காது. புதுக் கூலர் வாங்காமல் சமாளிக்கலாம். பயாஸில் எக்கோ மோடு வைத்தால் மின்சாரமும் சூடும் இறங்கும், கேமில் இழப்பு மிகக் குறைவு. கார்டை ஏஎம்டியின் மென்பொருளிலேயே அண்டர்வோல்ட் செய்து (வோல்டேஜைக் குறைத்து), கதை சார்ந்த ஆட்டங்களுக்கு 60 எஃப்பிஎஸ் வரம்பு போட்டேன். அறைச் சூடே குறைகிறது. எல்டன் ரிங் எப்படியும் 60க்கு மேல் போகாது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட்டை நம் ஊருக்கு வாங்கவே கூடாது என்பேன். வலை வைத்த கேபினட் வாங்கி, தூசியை அவ்வப்போது பிளோயரால் ஊதிவிடுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மானிட்டர் 75 ஹெர்ட்ஸ், ஃப்ரீசிங்க் (கார்டின் வேகத்துக்கேற்பத் திரையும் மாறும் வசதி) உள்ளது. 50க்கும் 75க்கும் நடுவில் எஃப்பிஎஸ் ஏறி இறங்கினாலும் படம் கிழிவதில்லை. இந்த விலையில் நல்ல வசதி.

குறைகளும் உண்டு. ரே டிரேசிங்கில் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிட்டு வரைவது) இந்தக் கார்டு நொண்டும். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் ஆட்டம் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் ஓடவே ஓடாது. அதன் குறைந்தபட்சத் தேவையில் ஆர்எக்ஸ் 6600 பெயர் இருக்கிறது, அதாவது இனி இந்தக் கார்டு கீழ் வரிசையில்தான் நிற்கும். 8 ஜிபி மெமரியும் புது ஆட்டங்களில் இறுக்கமாகிவிட்டது, டெக்ஸ்சரை ஒரு படி குறைத்துத்தான் வைக்கிறேன். எஃப்எஸ்ஆர் (குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் ஏஎம்டி வசதி) கைகொடுக்கிறது, ஆனால் 1080பியில் குவாலிட்டி மோடுக்குக் கீழே போனால் மரம், கம்பி வேலி எல்லாம் மினுமினுக்கும்.

இன்னொரு லாபமும் கிடைத்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. 2200ஜி, விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது. பயாஸில் டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் ஆன் பண்ணியிருந்தால் போதும். விண்டோஸ் 11ல் வேலோரண்ட் ஆட அந்த இரண்டும் கட்டாயம்.

யாராவது இன்று பி450 போன்ற ஏஎம்4 போர்டும் பழைய பிராசசரும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டால், ராமை டூயல் சேனல் ஆக்கி, எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்த்து, நாலு கோர் பிராசசராக இருந்தால் அதை ஆறு கோருக்கு மாற்றி, கடைசியாகக் கார்டுக்குப் போகச் சொல்வேன். ஒன்றுமே இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அடுத்த தலைமுறையான ஏஎம்5 போர்டு பொருத்தம், இன்னும் சில வருஷம் அதில் பிராசசர் மாற்றலாம். நான் இப்போதைக்கு அங்கே போகப் போவதில்லை. போர்டு, ராம், பிராசசர் மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும், 2025 கடைசியிலிருந்து ராம் விலை வேறு மறுபடி ஏறிக் கிடக்கிறது. கார்டை மட்டும் 12 ஜிபியோ 16 ஜிபியோ உள்ளதாக மாற்றலாமா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதிக மின்சாரம் கேட்காத கார்டாக இருந்தால் 550 வாட் எஸ்எம்பிஎஸ் அதற்கும் போதும்.