டென்னிஸ் காயம் பற்றி "உள் தகவல்" தருகிறேன் என்றவனிடம் 23,600 ரூபாய் விட்டேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது. போகி அன்று விடியற்காலையில், கீழே தெருவில் பசங்க மேளம் அடித்துக்கொண்டிருக்க, புகையில் கண் எரிய மொட்டை மாடியில் நின்று ஃபோனைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 23,600 ரூபாய் போய்விட்டது.

எங்கள் வடசென்னைத் தண்டையார்பேட்டை பக்கம் கேரம் உண்டு, ஃபுட்பால் உண்டு, பாக்சிங் உண்டு. டென்னிஸ் பார்க்கிறோம் என்றால் "என்னா சார், பெரிய இடமா" என்பார்கள். அப்படியும் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். நுங்கம்பாக்கத்தில் ஆண்களுக்கான சென்னை ஓப்பன் நடந்த காலத்தில் கடைசி டிக்கெட்டில் போய் உட்கார்ந்து ஸ்விஸ் ஆட்டக்காரர் வாவ்ரிங்கா ஒற்றைக் கையில் பேக்ஹேண்ட் அடிப்பதை வாய் பிளந்து பார்த்த கோஷ்டி. 2017-க்கு அப்புறம் போட்டி புனேவுக்குப் போய்விட்டது, எங்கள் பைத்தியம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் டீக்கடை பெஞ்சில் மெல்பர்னில் நடக்கும் ஆஸ்திரேலிய ஓப்பன் பற்றிய சண்டை தொடங்கிவிடும்.

இந்த 2026-லும் அதே. ஜனவரி 18-ம் தேதி ஞாயிறு ஆரம்பம். நான் சின்னர் கட்சி, 2024, 2025 இரண்டு வருஷமும் அங்கே ஜெயித்தவர், இதற்கு மேல் என்ன வேண்டும்? என் நண்பன் அல்கராஸ் கட்சி. "மெல்பர்ன் மாதிரியே கெட்டித் தரை, ஹார்டு கோர்ட்டில் யுஎஸ் ஓப்பன் ரெண்டு தடவை தூக்கிட்டான் மச்சான்" என்பான். சரி, மெல்பர்னில் காலிறுதியைத் தாண்டினானா, டிசம்பரில் கோச் ஃபெரேரோவையும் விட்டுப் பிரிந்துவிட்டானே என்று நான் திருப்பிக் கேட்பேன். மூன்றாமவர் எங்களைவிடப் பெரியவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவோம், அவருக்கு ஜோகோவிச்சைத் தவிர வேறு கடவுள் கிடையாது. 38 வயதைத் தொட்ட 2025-ல் கிராண்ட்ஸ்லாம் என்கிற நாலு பெரிய போட்டியிலும் அரையிறுதி போன மனுஷன் என்று கையை விரித்துக் காட்டுவார்.

காயம் பேச்சு வந்தால்தான் சண்டை சூடு பிடிக்கும். அண்ணா 2021-ஐ எடுப்பார். மூன்றாவது ரவுண்டில் ஃப்ரிட்ஸோடு ஆடும்போது ஜோகோவிச்சுக்கு வயிற்றுத் தசையில் அடி, ஐந்து செட் இழுத்து, கடைசியில் கோப்பையும் தூக்கினார். 2023-ல் தொடையில் கட்டு, அப்போதும் கோப்பை. அதனால் அவர் நொண்டினால் நம்பாதே என்பது என் நண்பனின் வாதம். நான் 2025-ஐ எடுப்பேன். காலிறுதியில் அல்கராஸைக் காலில் அடிபட்டும் ஜெயித்துவிட்டு, அரையிறுதியில் ஸ்வெரெவோடு முதல் செட் டைபிரேக்கில் போனதும் ஆட முடியாமல் கை கொடுத்துவிட்டுப் போனாரே, அது நடிப்பா? நடாலையும் இழுப்போம். 2022-ல் பாதப் பிரச்சினையில் மாசக்கணக்கில் ஆடாமல் இருந்து வந்து, இறுதி ஆட்டத்தில் இரண்டு செட் பின்தங்கி மெட்வெடெவை ஜெயித்தார். அடுத்த வருஷமே இடுப்பு போய் இரண்டாவது ரவுண்டில் வெளியே. ஆக, காயம் என்றால் ஜெயிக்கவும் செய்வார்கள், தோற்கவும் செய்வார்கள், வெளியே இருக்கிற நமக்கு எதுவும் தெரியாது. இந்த ஓட்டைக்குள்தான் அவன் நுழைந்தான்.

ஒரு மெசேஜிங் ஆப்பில் ஒரு சேனல். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் இவர்களுக்கு அதுவும் விளம்பரம். "லாக்கர் ரூம் தகவல், ஃபிசியோ ரிப்போர்ட்" என்று தமிழிலேயே போடுவான். டிசம்பர் கடைசியில் அதில் ஒரு பதிவைப் பார்த்தேன். ஒரு முன்னணி ஆட்டக்காரர் மெல்பர்னுக்கு முந்தைய சின்னப் போட்டியிலிருந்து விலகுவார் என்று எழுதியிருந்தது. செய்தியில் அது வந்திருந்தது அன்றைக்குத்தான். பதிவின் நேரத்தைப் பார்க்கிறேன், முந்தின நாள் இரவு 9:40. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாருக்கும் தெரியாததை இவன் முதல் நாளே சொல்லிவிட்டானே என்று.

அந்த 9:40-க்குப் பக்கத்தில், அதைவிடப் பொடி எழுத்தில், "எடிட்டட்" என்று ஒரு வார்த்தை இருந்தது. அதை நான் நேற்றுதான் பார்த்தேன். இரவு எதையோ போட்டு வைத்து, செய்தி வந்த பிறகு உள்ளே இருப்பதை மாற்றியிருக்கிறான், நேரம் மட்டும் பழையதாகவே நிற்கும். நான் வேலை பார்ப்பது பாரிமுனை பக்கம் ஒரு சரக்கு க்ளியரிங் ஆபீஸில். நாள் முழுக்க அடுத்தவன் பில்லில் தேதி, சீல், கையெழுத்து சரிபார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

முதலில் "விஐபி குரூப்" என்று 3,600 ரூபாய். ஜிபே செய்த இரண்டு நிமிஷத்தில் சேர்த்துவிட்டான். "வெல்கம் ப்ரோ, நம்ம ஃபேமிலி" என்றான். அப்புறம் ஒரு லிங்க், ஒரு லீக், யார் ஜெயிப்பார் என்று தேர்ந்தெடுத்தால் பரிசு. 2025 ஆகஸ்டில் சட்டம் வந்து ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதை நிறுத்தியாகிவிட்டது, தெரிந்த ஆப்கள் எல்லாம் காசுப் போட்டியை மூடிவிட்டன, இது எனக்கும் தெரியும். கேட்டேன். "இது கேமே இல்ல ப்ரோ, ப்ரைவேட் லீக், நம்ம ஆளுங்களுக்கு மட்டும்" என்றான். நானும் தலையாட்டினேன், அதை மறைக்கவில்லை. 5,000 போட்டேன், பிறகு இன்னொரு 5,000, பிறகு ஒரே தடவையில் 10,000. கடைசிப் பத்தாயிரம் சீட்டுக்குக் கட்ட வைத்திருந்தது. மொத்தம் 23,600. பிரிஸ்பேனிலும் ஹாங்காங்கிலும் நடந்த ஆட்டங்களுக்கெல்லாம் என் கணக்கில் ஏறிக்கொண்டே போய் 61,400 என்று பச்சை நிறத்தில் காட்டியது. பெஞ்சில் எவ்வளவு திமிராகப் பேசினேன் தெரியுமா? "எனக்கு உள்ளே இருந்து நியூஸ் வருதுடா" என்று.

போகிக்கு இரண்டு நாள் முன்னால் 10,000 மட்டும் எடுக்கலாம் என்று அமுக்கினேன். சுற்றிக்கொண்டே இருந்தது. கேட்டால் "சர்வர் மெயின்டெனன்ஸ் ப்ரோ". ராத்திரி கேட்டால் "ஃபைனான்ஸ் டீம் தூங்கிட்டாங்க". மறுநாள் "பொங்கல் லீவு சார்". ப்ரோ எப்போது சார் ஆனேன் பாருங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கிற மாதிரி நின்றேன், ஆனால் அந்த கேட்டாவது எப்போதாவது திறக்கும். விடியற்காலை வந்தது உண்மையான பதில்: 61,400-க்கு 18 சதவீத வரி, 11,052 ரூபாய் முதலில் கட்டினால் முழுப் பணமும் பத்து நிமிஷத்தில் வரும். ஏன், என் 61,400-லேயே கழித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "சிஸ்டம் அலோ பண்ணாது சார்." இன்னொரு தடவை கேட்டதும் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டான். பொய் சொல்லக் கூடாது, அந்த 11,052-ஐயும் கட்டலாமா என்று ஒரு பத்து நிமிஷம் யோசித்தேன்.

வங்கிக் கிளையில் "நீங்களேதானே அனுப்பியிருக்கீங்க" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். சைபர் மோசடிக்குப் புகார் சொல்லும் 1930-க்கு அடித்தேன், மூன்றாவது முயற்சியில் எடுத்தார்கள், புகார் எண் கொடுத்தார்கள். பணம் அனுப்பிய உடனே கூப்பிட்டிருந்தால் அந்தப் பக்கக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகமாம். நான் பத்து நாள் கழித்துக் கூப்பிட்டிருக்கிறேன். இதற்கு நடுவில் ஒருத்தன் மெசேஜ் போடுகிறான், "உங்கள் 23,600-ஐ மீட்டுத் தருகிறோம், கட்டணம் 2,000." எனக்கு எவ்வளவு போனது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? அதே கும்பல், வேறென்ன.

விவரமாக அறிவுரை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை, கை நடுங்குகிறது. பதிவின் நேரத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பணம் எடுக்க முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிஷமே 1930. ஆட்டக்காரரோ அவர் கூட இருப்பவரோ காயத் தகவலை பெட் வைக்கிறவனுக்குக் கொடுப்பது டென்னிஸ் விதிப்படி குற்றம், மாட்டினால் தடை. அப்படிப்பட்ட தகவலைத் தண்டையார்பேட்டையில் இருக்கிற எனக்கு 3,600 ரூபாய்க்கு எவன் தருவான்? இது டிசம்பரில் தோன்றியிருக்க வேண்டும்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சீட்டுக்கார அக்காவிடம் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். நேற்று சாயங்காலம் பெஞ்சில் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணா ஒன்றும் பேசாமல் எனக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்தார். என் நண்பன் ரொம்ப நேரம் க்ளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகக் குனிந்து கேட்டான்: "சரி மச்சான், அது போகட்டும். கடைசியா யாருக்குடா காயம்னு சொன்னான்?"