டாக் வெளியீடு: ஆப்-ஆம்பா, வால்வா?

சுங்கை சிப்புட் வீட்டு வரவேற்பறையில் டிஜிட்டல் இசையை மின்சிக்னலாக மாற்றும் ஒரே டாக் சிப்புக்கு (டிடிஏ1541ஏ) இரண்டு வகை வெளியீடும் கட்டிப் பார்த்தேன். இந்தச் சிப் தருவது வோல்ட்டேஜ் அல்ல, கரண்ட். முழு அளவில் 4 மில்லிஆம்பியர். அதை 2 வோல்ட் ஆக்குவதில்தான் வழக்கே.

சிக்னலைப் பெருக்கும் சிறு சிப்பான ஆப்-ஆம்ப் வழி எளிது. ஒரு என்இ5534, 1.5 கிலோஓம் ரெசிஸ்டர், அதோடு இணையாக 2.2 நானோஃபாரட் கெப்பாசிட்டர். 2 வோல்ட் நேராக வந்துவிடும். சிப்பின் வெளியீட்டுக் கால் பூஜ்ய வோல்ட்டை ஒட்டியே நிற்கும், அதற்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் கூர்மையான படிகளாகத் தாவும் டாக்கின் கரண்டை ஆப்-ஆம்ப்தான் நெஞ்சில் வாங்க வேண்டும். மெதுவானதைப் போட்டால் தடுமாறும்.

சரி, வெறும் ரெசிஸ்டரும், பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வும்? அந்தக் கால் 25 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. அப்படியானால் ரெசிஸ்டர் 12 ஓம் அளவுதான். வருகிற துளி சிக்னலை நூறு மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். ஈசிசி88 வால்வின் பெருக்கக் காரணியோ 33, ஒன்று போதாது. ரெசிஸ்டரைக் கூட்டினால் சிதைவு கூடும். சிக்னலோடு வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் சேர்ந்து பெருகும். முதல் நாள் ராத்திரி அப்பா எட்டிப் பார்த்து, "என்னடா, பெட்டிக்குள்ள வண்டு வெச்சிருக்கியா?" என்றார்.

கிரவுண்ட் கம்பியை ஒரே புள்ளிக்கு மாற்றிய பிறகு வண்டு பாதி அடங்கியது. வால்வில் நாதஸ்வரம் கொஞ்சம் குழைந்து வருவது உண்மைதான். எனக்கு அது சிதைவின் இனிப்பாகவே படுகிறது. இப்போது பெட்டியில் இருப்பது ஆப்-ஆம்ப்.