செவர்லே வி8 இன்டேக் பேக்கிங்: தக்கையா, ரப்பரா, சிலிகானா?

1955-இல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினை, அதிலும் 350 கன அங்குல அளவுள்ளதை, இன்றும் வீட்டு ஷெட்டில் பிரித்துக் கோப்பவர்கள் உண்டு. பிஸ்டன், பேரிங் எல்லாம் அக்கறையாகப் போட்டுவிட்டு, எரிபொருள் கலந்த காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் கோட்டை விடுவதுதான் வழக்கம். அது சிலிண்டர் வரிசைகளை மூடும் இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறங்குகிறது. சாய்ந்த இரு பக்கங்களில் காற்றையும் கூலன்ட்டையும் அடைக்க வேண்டும். முன்னும் பின்னும் பிளாக்கின் விளிம்பில் ஆயிலை அடைக்க வேண்டும். நான்கும் ஒரே இறுக்கத்தில் அடைபட வேண்டும்.

பழைய கேஸ்கட் (பேக்கிங்) செட்டில் முன்-பின் விளிம்புக்கென்று தக்கைப் பட்டையோ ரப்பர் பட்டையோ கூடவே வரும். தக்கைக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். ஆயில் ஈரம் கொஞ்சம் இருந்தாலும், போல்ட்டை முறுக்கும்போது வெளியே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வழுக்காமல் நின்றாலும் தொல்லைதான். இடைவெளியைவிடப் பட்டை தடிமனாக இருந்தால் மேனிஃபோல்டு முழுசாக இறங்காது. பக்கவாட்டு கேஸ்கட் அடிப்பக்கத்தில் சரியாக நசுங்காது. அந்தச் சந்து வழியாக இன்ஜின் உள்ளிருந்து ஆயிலை உறிஞ்சும். புகை வரும், ஆயில் குறையும், பாவம் பிஸ்டன் ரிங் மேல் பழி விழும். வெளியே ஸ்பிரே அடித்துப் பார்த்தால் இந்த லீக் தெரியாது. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி குழாயைக் கழற்றி இரு முனையையும் அடைத்து, மற்ற மூச்சுத் துளைகளையும் மூடிவிட்டு, ஆயில் ஊற்றும் வாயில் கையை வைத்துப் பாருங்கள். ஐடிலில் உள்ளே இழுத்தால் சந்தேகமே வேண்டாம்.

அச்சில் வார்த்த ரப்பர் பட்டை பரவாயில்லை. ஆனால் பிளாக், ஹெட் எதையும் மெஷினில் இழைக்காத இன்ஜினுக்கு மட்டும். ஹெட்டில் பத்து தௌ, அதாவது 0.010 அங்குலம் எடுத்தால், இன்டேக் முகத்தில் சுமார் 12 தௌ, மேனிஃபோல்டின் முன்-பின் அடிவிளிம்பில் சுமார் 17 தௌ எடுக்க வேண்டும் என்பது கணக்கு. முகத்தை இழைத்துவிட்டு விளிம்பை அப்படியே விட்டால் இடைவெளி சுருங்கிவிடும். பட்டையின் தடிமன் என்னவோ மாறாது.

அதனால் என் கை போவது ஆயில் தாங்கும் ஆர்டிவி சிலிகானுக்குத்தான், அதாவது பசையாகப் பிதுக்கிவிட்டால் சாதாரணச் சூட்டிலேயே ரப்பராக இறுகும் சிலிகான். முதலில் பக்க கேஸ்கட்டை மட்டும் வைத்து மேனிஃபோல்டை உலர்வாக உட்கார வைத்து, போல்ட் துளைகள் நேராக நிற்கின்றனவா, விளிம்பில் எவ்வளவு சந்து என்று பார்த்துக்கொள்ளுங்கள். விளிம்பை பிரேக் கிளீனரால் துடைத்து, சந்தைவிடச் சற்று உயரமாக, கால் அங்குலத்துக்குக் குறையாமல் ஒரே கோடாக விடுங்கள். நான்கு மூலையிலும் அரை அங்குலம் கேஸ்கட் மேல் ஏற வேண்டும். ஒழுகல் ஆரம்பிப்பதே அந்த மூலையில்தான். தலை வெட்டிய போல்ட்டுகளை மூலைத் துளைகளில் வழிகாட்டியாக நட்டு, மேனிஃபோல்டை நேராக இறக்குங்கள். நகர்த்தினால் சிலிகான் இழுபட்டுவிடும். அள்ளி அப்பவும் கூடாது. உள்ளே பிதுங்கியது பிய்ந்து விழுந்தால் அடியிலுள்ள ஆயில் சேம்பரில் ஆயில் உறிஞ்சும் வலைக்குப் போய்ச் சேரும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, குறுக்கு மாற்றி, இரண்டு மூன்று சுற்றில் 30 அடி-பவுண்டு. ஒரு ராத்திரி விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யலாம்.

பக்க கேஸ்கட்டில் இவ்வளவு யோசனை வேண்டாம். நார் அமுக்கிச் செய்த சாதா காம்போசிஷன் கேஸ்கட்டைவிட, துளைகளைச் சுற்றிச் சிலிகான் கோடு அச்சிட்டது மேல். அலுமினிய மேனிஃபோல்டும் இரும்பு ஹெட்டும் சூட்டில் வெவ்வேறு அளவு விரிவதை அது தாங்கும். கார்பரேட்டர் அடியைச் சூடாக்க நடுவில் விட்ட எக்ஸாஸ்ட் வழியை மூடியதா, திறந்ததா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். மூடினால் கார்பரேட்டர் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அந்தச் சூட்டை நம்பும் ஆட்டோமேட்டிக் சோக் நேரத்துக்குத் திறக்காது.

1996 முதல் வந்த வோர்டெக் என்ற புதுவகை ஹெட்டுக்கு இதில் பாதி பொருந்தாது. அதில் எட்டே போல்ட், முறுக்கு 11 அடி-பவுண்டுதான். பழைய பழக்கத்தில் 30-க்குப் போகாதீர்கள். கம்பெனி போட்ட பிளாஸ்டிக் சட்ட கேஸ்கட் நாளடைவில் விரிசல் விட்டு கூலன்ட்டை ஆயிலுக்குள் விடுவது தெரிந்த கதை. மாற்றும்போது உலோகச் சட்டம் உள்ளதை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் பால் காபி நிறத்தில் ஆயிலைப் பார்த்தவர்கள் பேரம் பேச மாட்டார்கள்.